டெஸ்டோஸ்டிரோன் ஊசியின் அளவைக் குறைக்காமல் ரத்தத்தைக் கொடுக்க வராதீர்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். நாற்பதைத் தாண்டியவர், கட்டுமஸ்தான உடம்பு. தானப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். கையில் ஒரு டம்ளர் நிறைய ஐஸ் கட்டி. ஒவ்வொன்றாக வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தார். இரும்புச்சத்து வற்றியவர்களில் சிலருக்கு இப்படி ஐஸ் தின்னும் ஆசை வரும். ரத்த வங்கியில் இருந்து இருந்து, அந்தச் சத்தம் கேட்டாலே என் தலை தானாகத் திரும்பிவிடுகிறது. ஆனால் விரலில் குத்திப் பார்த்தால் ஹீமோகுளோபின் 16.3, குறைவே இல்லை. நர்ஸ் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"டெஸ்டோஸ்டிரோன் ஏதாவது போடுறீங்களா?"

கொஞ்சம் தயங்கினார். "ஒன்றரை வருஷமா போடுறேன் டாக்டர். வாரம் ஒரு ஊசி. நடுவுல ஹீமடோக்ரிட் 55 வந்துச்சு. ரத்தம் குடுத்தா இறங்கிடும்னு சொன்னாங்க. இது அஞ்சாவது தடவை."

படிவத்தில் 'ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா' என்ற இடத்தில் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அது மருந்தா டாக்டர்? ஹார்மோன்தானே!"

யார் சொன்னார்கள் என்று விசாரித்தால் எப்போதும் ஒரே பதில்தான்: ஜிம்மில் ஒருவர், வாட்ஸ்அப் குழுவில் இன்னொருவர். சில நேரம், ஊசியை எழுதிக் கொடுத்த கிளினிக்கே. அதுதான் கூடுதல் எரிச்சல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் போட்டால் சிவப்பணு ஏறும். அது தெரிந்த பக்கவிளைவுதான், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ரத்தத்தில் சிவப்பணு பிடித்திருக்கும் இடத்தின் சதவீதமே ஹீமடோக்ரிட். அது 54-ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்து, இறங்கியதும் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கு என்பதுதான் ஹார்மோன் மருத்துவர்களின் வழிகாட்டுதல். ஊசியை அப்படியே போட்டுக்கொண்டு ரத்தத்தை மட்டும் இறக்கிக்கொண்டே இரு என்று அதில் எங்கும் இல்லை.

மேல்தொட்டி நிறைந்து வழிகிறது. கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் மாடிக்கு ஏறி வாளியால் மொண்டு வெளியே ஊற்றுகிறீர்கள். ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் ஹீமடோக்ரிட் சுமார் 3 புள்ளி இறங்கும், அவ்வளவுதான். ரத்தம் குறைந்ததும் எலும்பு மஜ்ஜைக்கு 'இன்னும் செய்' என்று உடம்பே கட்டளை போடும். கூடவே உங்கள் வாராந்திர ஊசியும் அதையே சொல்கிறது. சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கு வந்து நிற்கும்.

இனி, என்னை அதிகம் கடுப்பேற்றும் வாதம். "ஹீமோகுளோபின் இவ்வளவு இருக்கிறதே, எனக்கு எப்படி இரும்புச்சத்து குறையும்?" படித்தவர்கள், கம்பெனி நடத்துபவர்கள், ஒருமுறை ஒரு மருத்துவரே என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார். ஆகவே பொறுமையாகக் கணக்குப் போடுகிறேன்.

ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஹீமோகுளோபின் 15 உள்ளவர் 450 மில்லி ரத்தம் கொடுத்தால் ஏறக்குறைய 230 மில்லிகிராம் இரும்பு போகிறது. உங்களுக்கு 19 இருந்தால் அதே ஒரு பையில் 290 போகிறது. அதாவது, ரத்தம் கெட்டியாக இருப்பவர்தான் ஒவ்வொரு தடவையும் அதிகமாக இழக்கிறார். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சிக்கொள்வது சாதாரணமாக 1 முதல் 2 மில்லிகிராம். ஆணின் உடம்பில் சேமிப்பாக இருப்பது அதிகபட்சம் 1 கிராம் அளவுக்கு. நாலைந்து பை போனால் கையிருப்பு என்ன ஆகும் என்பதை நீங்களே கழித்துப் பாருங்கள்.

அப்புறம் எப்படி ஹீமோகுளோபின் மட்டும் இறங்காமல் நிற்கிறது? டெஸ்டோஸ்டிரோன் விரட்டுகிற விரட்டில், உள்ளே வரும் கொஞ்சநஞ்ச இரும்பையும் மஜ்ஜை முதல் ஆளாகப் பிடுங்கிக்கொள்கிறது. தசைக்கும் மூளைக்கும் மிச்சம்தான். சம்பளப் பணம் முழுவதும் கடைக்குப் போய், வீட்டில் அடுப்பு எரியாத கதை. கடை மட்டும் ஜெகஜோதியாக இருக்கும்.

அந்த ஐஸ் டம்ளர்காரரின் ரிப்போர்ட்டே சாட்சி. சிவப்பணு எண்ணிக்கை 71 லட்சம், ஹீமடோக்ரிட் 53. ஆனால் ஒவ்வொரு அணுவின் சராசரிப் பருமன் 75, அது 80-க்குக் குறையக் கூடாது. இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. பதினைந்துக்குக் கீழே போனாலே இருப்பு காலி. அவர் உடம்பு நிறைய அணுக்களைச் செய்கிறது, ஆனால் எல்லாம் சோடைக் கடலை.

இதில் ஒரு கொடுமையான சுழல் வேறு இருக்கிறது. இரும்பு வற்றினால் என்ன வரும்? சோர்வு, மூச்சு வாங்குதல், கவனம் நிற்காமை, முடி கொட்டுதல், ராத்திரி படுத்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுதல். இவர்கள் எதற்காக டெஸ்டோஸ்டிரோன் போடத் தொடங்கினார்கள்? பெரும்பாலும் அதே சோர்வுக்குத்தான். ஆகவே 'டோஸ் பத்தவில்லை போலிருக்கிறது' என்று ஊசி அளவைக் கூட்டுகிறார்கள். சிவப்பணு மேலும் ஏறுகிறது. மேலும் ரத்தம் கொடுக்கிறார்கள். இரும்பு மேலும் வற்றுகிறது. இவரும் இரண்டு தடவை கூட்டியிருந்தார். கடைசியில் யாராவது ஃபெரிட்டினைப் பார்த்து இரும்பு மாத்திரையை நீட்டினால் இன்னொரு கூத்து. ஊசி பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருப்பதால் மஜ்ஜைக்குத் தீனி கிடைத்து, ஹீமடோக்ரிட் சரசரவென்று ஏறும். டோஸைச் சரிசெய்யாமல் நீங்களாக இரும்பு மாத்திரையைத் தொடாதீர்கள்.

"பாலிசைதீமியா வேரா நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கிறீர்களே, எனக்கு மட்டும் ஏன் கூடாது?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. அது சிவப்பணு தானாகவே பெருகும்படி மஜ்ஜையே மாறிப்போன நோய், கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஜாக்2 மரபணுவில் மாற்றம் இருக்கும். அங்கே நிறுத்துவதற்கு ஊசி ஏதும் கிடையாது. 2013-இல் வெளிவந்த ஆய்வில், 365 நோயாளிகளில் ஹீமடோக்ரிட்டை 45-க்குக் கீழே வைத்தவர்களைவிட 45 முதல் 50 வரை விட்டவர்களுக்கு இதயநோய் மரணமும் பெரிய ரத்த உறைவும் ஏறக்குறைய நாலு மடங்கு வந்தது. அந்த 45-ஐத் தூக்கிவந்து டெஸ்டோஸ்டிரோன்காரர் தலையில் வைப்பது தவறு. உங்கள் மோட்டாருக்கு சுவிட்ச் இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் ஒரு கூட்டம் உண்டு: "ஏறினால் ஏறட்டும், டெஸ்டோஸ்டிரோனால் இதயத்துக்கு ஆபத்தில்லை என்று 2023-இலேயே நிரூபித்துவிட்டார்கள்." டிராவர்ஸ் ஆய்வைச் சொல்கிறார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள், உண்மைதான். மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை, அதுவும் உண்மை. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது தோலில் தடவும் ஜெல். ஹீமடோக்ரிட்டைக் கண்காணித்து டோஸைச் சரிசெய்துகொண்டே போனார்கள். அப்படியும் நுரையீரல் ரத்த உறைவு, மருந்தில்லாத போலி ஜெல் தடவியவர்களில் 0.5 சதவீதம் பேருக்கு வந்தது, டெஸ்டோஸ்டிரோன் தடவியவர்களில் 0.9 சதவீதம் பேருக்கு வந்தது. ஃபார்வர்டு செய்யும்போது அந்த வரியையும் சேர்த்து அனுப்புங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஊசி தொடங்கும் முன்பே ஹீமடோக்ரிட் பாருங்கள். 48-க்கு மேல் இருந்தால் ஏன் என்று கண்டுபிடிக்காமல் தொடங்காதீர்கள். தொடங்கிய 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு தடவை, பிறகு வருடா வருடம். திருநம்பிகளும் ஹீமடோக்ரிட்டைக் கண்காணிக்க வேண்டும், ரிப்போர்ட்டில் ஆண்களுக்கான அளவோடு ஒப்பிடுங்கள். சோதனைக்கு முன்னால் தண்ணீர் குடியுங்கள். உடம்பு வற்றியிருந்தால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு பெரிய ஊசி என்றால், சின்ன அளவாகப் பிரித்துப் போடலாமா, ஜெல்லுக்கு மாறலாமா என்று கேளுங்கள். ஜெல்லில் இந்தத் தொல்லை குறைவு. புகையை விடுங்கள். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று எழுபவர் என்றால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்; அதுவும் ஹீமடோக்ரிட்டை ஏற்றும். பல மருத்துவர்களே இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

ரத்தம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிவப்பணு 120 நாள் வாழும். டோஸைக் குறைத்தாலும் எண் இறங்க நாளாகும். அந்த இடைவெளியில் மருத்துவர் ஃபெரிட்டினைப் பார்த்துவிட்டு ஒரு தடவை எடுக்கச் சொன்னால் எடுக்கலாம். அது சிகிச்சை. தானம் வேறு, சிகிச்சை வேறு.

தானப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். "புண்ணியத்துக்குப் புண்ணியம், எனக்கும் நல்லது" என்று சிரிப்பவர்களுக்குத்தான் இது. முடி கொட்டுகிறது என்று கூடவே ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறீர்கள். அது நின்று ஒரு மாதமாவது ஆக வேண்டும், டுட்டாஸ்டரைடு என்றால் ஆறு மாதம். உங்கள் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போனால், வயிற்றில் இருக்கும் ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஜிம்மில் ஊசியைப் பகிர்ந்திருந்தால் ரத்தம் கொடுக்கும் படுக்கையில் ஏறவே வேண்டாம்.

தலை கனம், பார்வை மங்கல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத்திணறல்: இவற்றோடு ரத்த தான முகாமுக்கு வந்து வரிசையில் நிற்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்று. விரை எடுக்கப்பட்டவர்கள், பிட்யூட்டரி பாதிக்கப்பட்டவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆடம்பரம் அல்ல. இதைப் படித்துப் பயந்து நாளைக்கே நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். கடைசி ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போய் "டோஸைக் குறைக்கலாமா, ஃபெரிட்டின் பார்க்கலாமா" என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.