நிதி ஆயோக் இன்டர்ன்ஷிப்: பிளஸ் டூவில் 510 வாங்காதவர்களும் படியுங்கள்

மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் டெல்லி அலுவலகத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி, குறைந்தது ஆறு வாரம், அதிகபட்சம் ஆறு மாதம். விண்ணப்பம் ஆன்லைனில், மாதாமாதம் 1 முதல் 10-ஆம் தேதி வரை. போக நினைக்கும் மாதத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். அறிமுகம் இவ்வளவு போதும்.

முதலில் காசு. உதவித்தொகை ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ரயில் டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் நம் கைக்காசு, லேப்டாப்பும் நம்முடையதுதான். தேர்வான பிறகு இது தெரிந்து, வீட்டில் கேட்க மனம் வராமல் விட்டுவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு நிதியாண்டில் ஒரு தடவைதான் விண்ணப்பிக்கலாம் என்பதால் வீட்டில் பேசிவிட்டுப் போடுங்கள்.

அடுத்த கண்ணி பிளஸ் டூ மார்க். இளங்கலையில் நான்காம் செமஸ்டர் தேர்வு எழுதியிருந்தால் மட்டும் போதாது, பன்னிரண்டாம் வகுப்பில் 85 சதவீதமும் வேண்டும். நம் ஸ்டேட் போர்டில் 600-க்கு 510. ஒரு மார்க் குறைந்தால் 84.83, அதை 85 என்று நிரப்பாதீர்கள், சேரும்போது அசல் மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள். கல்லூரியில் முதலிடம் வாங்கும் பிள்ளையைப் பள்ளிக்கூட மார்க்கைக் காட்டித் திருப்பி அனுப்புவதில் என்ன நியாயமோ!

510 இல்லையா? சரி, இன்னொரு வாசல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. டிகிரி முடித்து மேற்படிப்புக்குக் காத்திருப்பவர்களையும் பரிசீலிக்கிறார்கள். எல்லா செமஸ்டரையும் சேர்த்து 70 சதவீதம் வேண்டும். ரிசல்ட் வந்த மாதத்துக்கும் இன்டர்ன்ஷிப் மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது. இரண்டு மாத முன்விண்ணப்பத்தைக் கழித்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். ரிசல்ட் வந்ததும் உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.

தேர்வானவர்களை அலையவிடுவது தடையில்லாச் சான்று. கல்லூரி ஆபீசில் கேட்டால் ‘யுனிவர்சிட்டியில் போய் வாங்குப்பா’ என்பார்கள். தேவையே இல்லை. துறைத்தலைவர் அல்லது முதல்வர் தரும் கடிதம் போதும். நிதி ஆயோக்கின் இன்டர்ன்ஷிப் விதியில் அப்படித்தான் இருக்கிறது, அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் நீங்கள் படிக்கும் வகுப்பும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதும் இருக்கட்டும். ‘ஆட்சேபணை இல்லை’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு டெல்லிக்கு ரயில் ஏறாதீர்கள். டிகிரி முடித்தவர்கள் டிசி வாங்குமுன்பே துறைத்தலைவரிடம் சொல்லிவையுங்கள். அப்புறம் போனால் ‘நீ இப்போ எங்க ஸ்டூடண்டே இல்லையே’ என்று கைவிரிப்பார்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். ஆறு வாரம் முடியுமுன் ஊர் திரும்பினால் சான்றிதழ் கிடையாது.