பஸ் டிக்கெட்டில் அடங்கும் இரைச்சல்

ரோஸ் ஹில் வாசகி ஒருவர் கேட்கிறார்: நிலத்தடி மின்கேபிள் எந்த இடத்தில் சூடாகிறது என்பதை ஒரே ஒரு ஒளியிழை எப்படிச் சொல்கிறது?

ராமன் சிதறல்தான், 1928-இல் நம் திருச்சிக்காரர் கண்டது. இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பினால் வழிநெடுகக் கொஞ்சம் ஒளி சிதறித் திரும்பும். வந்து சேரும் நேரம் இடத்தைக் காட்டும், நிறம் மாறிய ஒளியின் அளவு வெப்பத்தைக் காட்டும்.

ஆனால் அந்த ஒளி மகா மங்கல். கருவியின் இரைச்சலிலேயே மூழ்கிவிடும். துடிப்பை நீட்டினால் ஒளி கூடும், ஆனால் இடம் குழம்பும்: 10 நானோவிநாடித் துடிப்பு 1 மீட்டர் வரை பிரித்துக் காட்டும், 100 என்றால் 10 மீட்டர்தான். பலமுறை அளந்து சராசரி எடுக்கலாம். ஆனால் இரைச்சல் கால்வாசியாக 16 மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும்.

அதற்குத்தான் துடிப்புகளை வரிசையாக அனுப்புவது. எதிரொளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுமே? ஏறட்டும். பஸ் டிக்கெட்டைக் கிழித்து இரண்டு துண்டிலும் + + என்று எழுதி, ஒன்றின்மேல் மற்றொன்றை நகர்த்துங்கள். ஒன்று அனுப்பிய வரிசை, மற்றது திரும்பிய எதிரொளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் வரும் குறிகளைப் பெருக்கிக் கூட்டினால் 1, 2, 1. நடுவிலுள்ள 2 நமக்கு வேண்டியது. ஓரத்து 1-கள் பக்கத்து இடத்தில் ஒழுகும் கறை. இப்போது + − என்று எழுதிப் பாருங்கள்: −1, 2, −1. இதிலும் கறை. இரண்டையும் கூட்டுங்கள்: 0, 4, 0!

கறையே இல்லை. நான் முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது நம்பாமல் மறுபடியும் கிழித்தேன்.

இந்த ஜோடியை 4, 8 என்று நீட்டிக்கொண்டே போகலாம். ஒளியில் ‘மைனஸ்’ கிடையாது. அதனால் + இடங்களைத் தனியாக, − இடங்களைத் தனியாக அனுப்பிக் கழிக்கிறார்கள். ஆக ஜோடிக்கு நான்கு முறை. அந்தச் செலவு போகவும், 64 நீள வரிசை அதே நேரத்துக்குள் இரைச்சலைக் கால்வாசியாக்கிவிடுகிறது.

இதை மார்செல் கோலே என்ற ஆய்வாளர் 1949-இல் யோசித்தது அகச்சிவப்பு ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானிக்காக. ஒளியிழைக்கு உதவும் என்று எந்த நிதி விண்ணப்பத்தில் அவர் எழுதியிருக்க முடியும்? ‘உடனடிப் பயன்’ என்ற கட்டத்தைப் படிவங்களில் பார்த்தாலே எனக்கு எரிச்சல்.

நடைமுறையில் ஒரு தொல்லை உண்டு. ஏழு கறிப் பந்தியில் முதலில் உட்கார்ந்தவர்கள் பாயசத்தை முடித்துவிடுவதுபோல, முன்னால் போகும் துடிப்புகள், இழைக்குள் போகுமுன் அவற்றை வலுவாக்கும் ஒளிப்பெருக்கியில் சேர்ந்திருக்கும் ஆற்றலை அள்ளிவிடும். பின்னால் வருபவை இளைத்துப்போகும், கறையும் முழுசாக அழியாது. அதனால் முதல் துடிப்புகளை வேண்டுமென்றே சன்னமாக்கித்தான் பெருக்கிக்குள் விடுகிறார்கள்.