ஓடும் லோக்கலில் விழாமல் நிற்பதன் கணக்கு

ஊரிலிருந்து மும்பையின் தாராவிக்குப் புதிதாக வந்தவர் அருகிலுள்ள சயான் நிலையத்தில் முதன்முதலாக லோக்கல் ரயில் ஏறினால், வண்டி போகும் திசையைப் பார்த்து, கால்களைச் சேர்த்து வைத்து நிற்பார். வண்டி கிளம்பியதும் பின்னால் நிற்பவர்மேல் சாய்வார். இருபது ஆண்டுகளாகப் போய்வருபவரோ பெட்டியின் கதவுப்பக்கம் திரும்பி, கால்களை அகட்டி, முதுகுப்பையை மார்பில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியை ஒப்புக்குத் தொட்டபடி நிற்பார். அவருடைய உடல் தானாகவே கற்றுக்கொண்ட இந்தக் கணக்கைத் தாளிலும் போட்டுப் பார்க்கலாம்.

நேராக நிற்கும்போது உடலின் நிறைமையம், அதாவது எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, தொப்புளுக்குச் சற்றுக் கீழே, மொத்த உயரத்தில் ஏறத்தாழ 55 விழுக்காட்டில் அமைகிறது, 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது தரையிலிருந்து சுமார் 94 செ.மீ. அங்கிருந்து கீழே விடும் குத்துக்கோடு, பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பும் சேர்ந்த தாங்குதளத்துக்குள் விழும் வரையில்தான் நிற்க முடியும். அந்தக் கோடு கணுக்கால் மூட்டுக்கு நான்கைந்து செ.மீ. முன்னால் விழுவதால், உடல் எப்போதும் முன்பக்கம் சாயவே பார்க்கிறது. கெண்டைக்கால் தசைகள் அதை ஓயாமல் பின்னிழுத்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே அசையாமல் நிற்பது என்பதே கிடையாது, எல்லோரும் மெல்ல ஆடிக்கொண்டுதான் நிற்கிறோம்.

இப்போது ரயில் கிளம்புகிறது. வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு அரை மீட்டர் கூடுகிறது (இதுவே முடுக்கம்) என்று வைத்துக்கொண்டால், பயணியைப் பொறுத்தவரை ஈர்ப்பின் திசையே ஏறத்தாழ 3 பாகை பின்னோக்கிச் சாய்ந்துவிடுகிறது, 94 செ.மீ. உயரத்திலிருந்து வரும் கோடு தரையில் சுமார் 5 செ.மீ. பின்னால் நகர்கிறது. குதிகாலின் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே முதலில் இருந்ததே 10 செ.மீ. அளவுதான் என்பதால், முடுக்கம் இரட்டித்தால் முன்னோக்கி நிற்பவருக்கு மிச்சம் எதுவும் இல்லை. கதவைப் பார்த்து, பாதங்களை 40 செ.மீ. இடைவெளியில் வைத்தவருக்கோ பயணத் திசையில் இருபுறமும் 20 செ.மீ. கிடைக்கிறது, இரட்டித்த அதே உலுக்கலும் அதில் பாதியைத்தான் தின்னும். ஆனால் தண்டவாளம் பிரியும் இடங்களில் பெட்டி குறுக்கே குலுங்கும்போது இவர் மாட்டிக்கொள்வார். அதனால்தான் அனுபவசாலிகள் ஒரு காலை அரையடி முன்வைத்துக் கோணலாக நிற்கிறார்கள்.

சுமை இந்தக் கணக்கை மாற்றிவிடும். 60 கிலோ எடையுள்ளவர் 10 கிலோ பையை முதுகில் மாட்டினால், நிறைமையம் ஏறக்குறைய 3 செ.மீ. பின்னால் போகிறது, அதை ஈடுகட்டத்தான் முன்குனிகிறோம். அதே 10 கிலோவைத் தலையில் ஏற்றினால் நிறைமையம் 11 செ.மீ. மேலே ஏறும், சாய்வு ஒன்றாகவே இருந்தாலும் கோடு கூடுதலாக விலகும். முழங்காலைச் சற்று மடக்குவது இதற்கு நேர்மாறான உபாயம். இங்கே ஒரு வேடிக்கை உண்டு: உயரமான பொருள் எளிதில் கவிழும், ஆனால் மெதுவாகக் கவிழும். உள்ளங்கையில் நீளக் கம்பை நிறுத்தலாம், பென்சிலை நிறுத்த முடியாது. கம்பு நம் கைக்கு அவகாசம் கொடுக்கிறது.

தாங்குதளம் எவ்வளவு அகலமானாலும் உராய்வு வேண்டும். மழைக்காலத்தில் கதவோரம் ஈரத் தரையில் தேய்ந்த ரப்பர் செருப்போடு கால்களை மிக அகட்டி நின்றால், பாதம் வழுக்கித் தளமே நகர்ந்துவிடும்.

அவகாசம் என்பது நரம்புகளின் விஷயம். உலுக்கலை உணர்ந்து கால் தசைகள் நிமிர்த்தும் வேலையைத் தொடங்க ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. உள்காதின் அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியையும், அருகிலுள்ள சுண்ணக் கற்களைத் தாங்கிய பைகள் சாய்வையும் நேர்கோட்டு முடுக்கத்தையும் தெரிவிக்கின்றன. பாதத் தோலும் மூட்டுகளும் தம் பங்குக்குச் சேதி அனுப்புகின்றன. கைப்பிடியை ஒப்புக்குத் தொடுவதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. நூறு கிராம் எடைக்கும் குறைவான விரல் அழுத்தம் உடலைத் தாங்காது, ஆனால் உடல் எந்தப் பக்கம் நகர்கிறது என்ற கூடுதல் தகவலைத் தந்து ஆட்டத்தைக் குறைத்துவிடுகிறது.

கண் மட்டும் சில நேரம் ஏமாற்றும். தாதர் நிலையத்தில் நமது வண்டி நின்றிருக்க, அடுத்த தடத்தில் நிற்கும் வண்டி நகரத் தொடங்கினால், நாமே எதிர்த்திசையில் போவதாக மூளை நம்பிவிடுகிறது. நின்ற பெட்டிக்குள் இல்லாத முடுக்கத்துக்கு ஈடாக உடல் ஒரு கணம் சாய்கிறது.