90 சதவீதம் முடிந்த வேலை

1994 வசந்த காலம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகருக்கு வெளியே புதிதாகக் கட்டிய விமான நிலையத்துக்குப் பத்திரிகைக்காரர்களை நகர நிர்வாகம் அழைத்திருந்தது. பயணி ஒப்படைக்கும் பெட்டியை ஆள் கைபடாமல், தரைக்கடியிலேயே ஓட்டிப்போய் விமானத்திடம் சேர்க்கும் தானியங்கி அமைப்பைக் காட்டுவதுதான் நோக்கம். வந்தவர்கள் கண்டதோ தண்டவாளத்துக்குக் கீழே குவிந்து கிடந்த துணிமணிகளை. பெட்டிகள் நசுங்கியும் பிளந்தும் கிடந்தன.

அந்த விமான நிலையத்தில் ஓடுபாதை இருந்தது, கட்டுப்பாட்டுக் கோபுரம் இருந்தது, பனிச்சிகரங்களைப் போன்ற வெள்ளைக் கூரையும் இருந்தது. திறக்க மட்டும் முடியவில்லை. முதலில் சொன்ன தேதி 1993 அக்டோபர் 31. அது டிசம்பருக்குப் போனது, அப்புறம் மார்ச், அப்புறம் மே. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் புதுத் தேதியைக் குறித்தவர்கள், வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையோடுதான் குறித்தார்கள்.

அந்த "ஏறக்குறைய" எங்கிருந்து வருகிறது? வணிக நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பத் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளில் இந்தக் கேள்வியைத் துரத்துபவர்கள் ஏராளம். மென்பொருள் வேலை ஏன் இழுக்கிறது என்று கேட்டால் தொழில்நுட்பம் கடினம் என்பதே வழக்கமான பதில். ஆய்வுகள் காட்டும் விடை வேறு. எனக்குத் தெரிந்தவரை அதை விளங்கிக்கொள்ள நல்ல வழி, பள்ளியில் படித்த பின்னக் கணக்குதான்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகள் மென்பொருள் வேலையில் இருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டேட்டஸ் மீட்டிங். எக்செல் ஷீட்டில் என் மாட்யூலுக்கு நேராக 90 என்று போட்டேன். அடுத்த வாரமும் 90. அதற்கடுத்த வாரமும் 90. பொய் சொல்ல வேண்டும் என்று போடவில்லை. 40 நாள் எஸ்டிமேட்டில் 36 நாள் முடிந்திருந்தது, எழுத வேண்டிய புரோகிராமும் பெரும்பாலும் எழுதியாகிவிட்டது. ஆனால் இன்னொரு குழுவின் புரோகிராமோடு அதை இணைத்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் தேதியை மாதம் முதலில், நாள் பிறகு என்று அனுப்புகிறார்கள். நாங்கள் நாள் முதலில் என்று எழுதியிருந்தோம். மாதத்தின் 12-ஆம் தேதி வரை எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரிந்தது. 13-ஆம் தேதியன்று கணக்கு உடைந்தது, ஏனென்றால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது. அதற்குள் அந்தப் பன்னிரண்டு நாளில் பெரும்பாலும் தவறான தேதியிலேயே தகவல்கள் பதிவாகியிருந்தன. அதைத் தேடித் திருத்தவே மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரம் எந்த எஸ்டிமேட்டிலும் இல்லை.

சதவீதம் என்பது பின்னம். மேலே உள்ளது தொகுதி, கீழே உள்ளது பகுதி. "எவ்வளவு செய்தோம்" என்பது தொகுதி, நமக்குத் தெரியும். "மொத்தம் எவ்வளவு செய்ய வேண்டும்" என்பது பகுதி. அது நம் ஊகம். 40-இல் 36 என்றால் 90 சதவீதம். உண்மையான மொத்தம் 65 என்றால் அதே 36 நாள் வேலை 55 சதவீதம்தான். வேலை நகர நகர, மறைந்திருந்த பகுதி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். அதனால் மேலே எண் ஏறும்போதே கீழேயும் ஏறுகிறது, விகிதம் நகராமல் நிற்கிறது. தாரிக் அப்தெல்-ஹமீத் என்ற ஆய்வாளர் 1980-களில் இதைக் கணினி மாதிரிகளாலேயே போட்டுக் காட்டினார். மென்பொருள்காரர்கள் இதை "90 சதவீத நோய்" என்கிறார்கள்.

சரி, டென்வரில் பகுதியில் விட்டுப்போனது எது? அங்கே பெட்டிகளைச் சுமந்தவை 4,000 சிறு வண்டிகள். 21 மைல் எஃகுத் தண்டவாளம், சுமார் 100 கணினிகள், 5,000 ஒளிக்கண்கள், 400 ரேடியோ ஏற்பிகள், பட்டைக்குறி படிக்கும் 56 ஸ்கேனர்கள். வண்டி நிற்காது, ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டிலிருந்து பெட்டி அதன்மேல் விழவேண்டும். பெல்ட்டும் வண்டியும் ஒரு நொடி பிசகினால் பெட்டி இடையில் விழும். ஒளிக்கண் ஒன்று பெட்டிக் குவியலைக் கவனிக்காவிட்டால், நிறுத்து என்று சொல்ல ஆளில்லை, பெல்ட் மேலும் மேலும் தள்ளிக்கொண்டே இருக்கும். எந்த வண்டி காலி, எது நிரம்பியது என்ற கணக்கு கணினியில் தவறியபோது நிரம்பிய வண்டியின் மேலேயே இன்னொரு பெட்டி ஏறியது.

இவையெல்லாம் கோளாறுகள், திருத்திவிடலாம். இவற்றைவிட ஆழமான ஒன்றை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் டி நெஃப்வில் 1994-லேயே எழுதினார். காலி வண்டிகளை எங்கே அனுப்புவது என்பதுதான் அந்தச் சிக்கல். பேருந்து கிளம்பும் இடத்திலேயே நிரம்பிவிட்டால் நடுவழி நிறுத்தத்தில் நிற்பவருக்கு இடம் கிடைக்காது, எத்தனை பேருந்து கடந்தாலும் கிடைக்காது. அங்கேயும் அப்படித்தான். தடத்தின் முதல் முனையில் பெட்டிகள் ஒரே நேரத்தில் குவிந்தால் காலி வண்டிகளையெல்லாம் அவையே எடுத்துக்கொள்ளும். கடைசி முனைக்கு வண்டி வராது. அங்கே காத்திருக்கும் பெட்டியோ அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியது. ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு பெல்ட்டும் தனித்தனியே சரியாக ஓடினாலும் இந்தச் சிக்கல் இருக்கும். பாகங்களைத் தனித்தனியே சோதித்துப் பார்த்தால் இது கண்ணில் படாது. எல்லாவற்றையும் சேர்த்து முழு நெரிசலில் ஓட்டினால்தான் படும். அதாவது, இருப்பதிலேயே கடினமான வேலை கடைசியில்தான் இருந்தது, அதற்கு யாரும் நாள் ஒதுக்கவில்லை.

ஒதுக்கியிருக்க முடியாதா? முடிந்திருக்கும். அந்தப் பெட்டி அமைப்பைக் கட்ட 16 நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டார்கள். மூன்றுதான் பதில் அனுப்பின, மூன்றும் நிராகரிக்கப்பட்டன. ஜெர்மனியில் ம்யூனிக் விமான நிலையத்தில் இதைவிட மிக எளிய அமைப்பு ஒன்றைப் போட்டிருந்தார்கள். அங்கிருந்தவர்கள் சொன்னார்கள்: இரண்டு ஆண்டு சோதித்தோம், திறப்பதற்கு முன் ஆறு மாதம் இரவு பகலாக ஓட்டிப் பார்த்தோம். டென்வரில் 1992-இல் வேறொரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு 1993-இல் திறப்பதாக இருந்தது. கட்டடங்களின் சுவர்களும் சுரங்கங்களும் அதற்குள் எழும்பிவிட்டதால், தண்டவாளத்தைக் கிடைத்த இடத்தில் வளைத்து வளைத்துப் போட வேண்டியிருந்தது.

வெளியே இருக்கும் அனுபவம் கண்முன்னே இருந்தும் நாம் ஏன் அதை எடுத்துக்கொள்வதில்லை? 1979-இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் இதற்குத் "திட்டமிடல் மாயை" என்று பெயர் வைத்தார்கள். கானமனுக்கே நடந்த ஒன்று உண்டு. 1970-களில் இஸ்ரேலில் பள்ளிகளுக்கான பாடத்திட்டம் ஒன்றை எழுதும் குழுவில் அவர் இருந்தார். எப்போது முடியும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னார். எல்லாரும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு என்று எழுதினார்கள். குழுவில் பாடத்திட்டத் துறையிலேயே ஊறிய நிபுணர் ஒருவர் இருந்தார். நம்மைப் போன்ற மற்ற குழுக்களுக்கு எவ்வளவு நாள் ஆனது என்று அவரைக் கேட்டார்கள். யோசித்துவிட்டுச் சொன்னார்: சுமார் 40 சதவீதம் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழு முதல் பத்து ஆண்டு ஆனது. அதே மனிதர்தான் சில நிமிடத்துக்கு முன் இரண்டு ஆண்டு என்று தாளில் எழுதியவர். கடைசியில் அந்த வேலைக்கு எட்டு ஆண்டு ஆனது.

தகவல் அவருக்குத் தெரியும். தன் வேலையை மதிப்பிடும்போது மட்டும் அது கைக்கு வரவில்லை. தன் வேலை என்று வந்தால் மனம் அதன் உள்ளே நுழைந்துகொள்கிறது. முதலில் இது, அடுத்து அது என்று படிப்படியாகக் கற்பனை செய்கிறது. கற்பனையில் யாருக்கும் காய்ச்சல் வராது, தேதி வடிவம் மாறாது. 1994-இல் உளவியலாளர் ரோஜர் பியூலரும் சகாக்களும் ஆய்வேடு எழுதும் மாணவர்களைக் கேட்டபோது, சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? 49 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். மோசமான நிலையை யோசிக்கச் சொன்னாலும் மனம் உண்மைக்கு எட்டுவதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. "கொஞ்சம் பஃபர் போட்டு வை", அதாவது சில நாளைக் கூடுதலாக வைத்துக்கொள் என்ற நம் வழக்கமான வைத்தியம் ஏன் போதவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

போதாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பென்ட் ஃப்ளூபியர்க்கும் அலெக்சாண்டர் புட்சியரும் 1,471 தகவல் தொழில்நுட்பத் திட்டங்களின் கணக்கை எடுத்து 2011-இல் வெளியிட்டார்கள். சராசரிச் செலவு மிகுதி 27 சதவீதம். படிக்கும்போது, சமாளிக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஆறில் ஒரு திட்டம் சராசரியாக 200 சதவீதம் மிஞ்சியிருந்தது, கால அளவும் 70 சதவீதம் போல நீண்டிருந்தது. ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று நம்பி இறங்கியவர் நடுவில் கசத்தில் மாட்டுவது போன்றது இது. நூறு ரூபாய் வேலைக்கு 27 ரூபாய் கூடுதலாக எடுத்துவைத்த நிறுவனம், முந்நூறு கேட்கும் திட்டம் தன் தலையில் விழும்போது என்ன செய்யும்? சிறு நிறுவனம் என்றால் அதோடு மூடிவிடவும் நேரலாம்.

இதற்கு இந்த ஆய்வாளர்கள் சொல்லும் மருந்து, அந்த இஸ்ரேல் நிபுணரிடம் கேட்ட கேள்வியையே முறையாக முதல் நாளே கேட்பது. இதே வகையில் முன்பு நடந்த திட்டங்களைத் திரட்டு. அவற்றுக்கு உண்மையில் எவ்வளவு ஆனது என்று பார். உன் மதிப்பீட்டை அங்கிருந்து தொடங்கு. பகுதியை நம் கற்பனையிலிருந்து எடுக்காமல் பிறர் வரலாற்றிலிருந்து எடுப்பது என்று சொல்லலாம். தொகுதிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு: பாதி முடிந்த வேலைக்குப் பாதி மதிப்பெண் கிடையாது. இணைத்து, சோதித்து, ஓடினால் 100, இல்லையென்றால் 0. என் எக்செல் ஷீட்டை அப்படி நிரப்பியிருந்தால் மூன்று வாரமும் பூஜ்யம் என்றே இருந்திருக்கும், யாராவது எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார்கள்.

ஆனால் பூஜ்யம் என்று எழுதத் துணிவு வேண்டும். கெட்ட செய்தியைச் சொல்ல மனிதர்கள் தயங்குகிறார்கள், செய்திக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றாலும் தயங்குகிறார்கள் என்று உளவியலில் 1970-லேயே காட்டியிருக்கிறார்கள். அலுவலகத்தில் செய்தி ஒவ்வொரு படியாக மேலே போகிறது. புரோகிராம் எழுதுபவர் சிவப்பு என்று நினைப்பதைக் குழுத் தலைவர் மஞ்சள் என்கிறார், மேலாளர் பச்சை என்கிறார். திட்ட மேலாண்மையில் இருப்பவர்கள் இதைத் தர்பூசணி அறிக்கை என்பார்கள்: வெளியே பச்சை, அறுத்தால் சிவப்பு. சொன்னாலும் காதில் வாங்காத மேலிடம் உண்டு, அதையும் தனியே ஆராய்ந்திருக்கிறார்கள்.

அப்புறம், விவரம் தெரிந்த பிறகும் நிறுத்த முடியாமல் போவது. 1976-இல் பாரி ஸ்டா என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். வணிகவியல் மாணவர்களிடம் ஒரு நிறுவனத்தின் இரண்டு பிரிவுகளைக் காட்டி, ஒன்றுக்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கச் சொன்னார்; வேறு சிலரிடம், அந்த முதல் முடிவை இன்னொருவர் எடுத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு அந்தப் பிரிவு தோற்றுவிட்டது என்ற கணக்கைக் காட்டி, இரண்டாவது தவணையை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டார். முதல் தவணையைத் தானே முடிவு செய்தவர்கள்தான் தோற்ற பிரிவுக்கு மற்றவர்களைவிட அதிகம் கொடுத்தார்கள். என் முடிவு தவறில்லை என்று நிரூபிக்க இன்னும் பணம். போட்ட பணம் கண்ணை மறைக்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1993-இல் கான்லனும் கார்லண்டும், போட்ட பணத்தையும் முடிந்த அளவையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஆளைத் தொடர்ந்து இழுத்தது பணமல்ல, முடிந்த அளவு. இன்னும் கொஞ்சம்தானே என்ற அந்த நினைப்பு. அப்படியானால் எக்செல் ஷீட்டில் நிற்கும் அந்தத் தவறான 90, வேலையின் நிலையைப் பொய்யாகக் காட்டுவதோடு நிற்பதில்லை. நிறுத்த வேண்டிய கையையும் பிடித்துக்கொள்கிறது.

டென்வரில் அந்தக் கை எப்படி விடுபட்டது என்பதை மார்க் கீல், ரமிரோ மொன்டெயலெக்ரே என்ற இருவர் நுணுக்கமாகத் தோண்டி 2000-இல் எழுதினார்கள். மேயர் வெலிங்டன் வெப் 1994 மே மாதம் ஜெர்மனியிலிருந்து லாக்பிளான் என்ற ஆலோசனை நிறுவனத்தைக் கூப்பிட்டார். அந்தத் திட்டத்தில் எந்த முடிவையும் எடுத்திராதவர்கள் அவர்கள். காப்பாற்ற வேண்டிய பழைய வாக்கு எதுவும் அவர்களுக்கு இல்லை. சிக்கல் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது, வந்த பாதையைத் திரும்பப் பார்ப்பது, மாற்று தேடுவது, வெளியேறுவது என்று நான்கு கட்டங்களை ஆய்வாளர்கள் அங்கே அடையாளம் காண்கிறார்கள். ஆகஸ்டில் மேயர், 5.1 கோடி டாலர் செலவில் வழக்கமான முறையில் ஒரு துணை அமைப்பு கட்டப்போவதாக அறிவித்தார். தானியங்கி அமைப்பைக் கைவிடுகிறோம் என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொன்று வைக்கிறோம் என்றார். யாரும் தலைகுனிய வேண்டியிராத அந்தச் சொல்தான் கதவைத் திறந்தது என்பது என் எண்ணம்.

1995 பிப்ரவரி 28 அன்று, 16 மாதத் தாமதத்துக்குப் பிறகு, முதல் விமானங்கள் இறங்கின. தானியங்கி அமைப்பு ஒரே ஒரு முனையத்தில், யுனைடெட் ஏர்லைன்ஸின் புறப்படும் பெட்டிகளுக்கு மட்டும் ஓடியது. பராமரிப்புக்கு மாதம் பத்து லட்சம் டாலர் ஆகிறதென்று 2005-இல் அதையும் நிறுத்தினார்கள். மற்ற முனையங்களில் முதல் நாளிலிருந்தே பெட்டிகளைச் சிறு டிராக்டர்கள் இழுத்துச் சென்றன, ஓட்டுநர் ஒருவர் உட்கார்ந்து ஓட்ட, பின்னால் நாலைந்து தள்ளுவண்டிகள் கோத்திருக்க.