ரேஷன்: பங்கீடா, நியாய விலையா?

ரேஷன் என்றதும் மலிவாகவோ விலையில்லாமலோ அரிசி கிடைக்கும் கடைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சொல் விலையைப் பற்றியதே அல்ல, அளவைப் பற்றியது. ஒருவருக்கு இவ்வளவுதான், ஆனால் அந்த அளவு எப்படியும் கிடைக்கும். வரம்பும் உறுதியும் சேர்ந்ததுதான் ரேஷன்.

கணக்கு என்று பொருள்படும் இலத்தீன் சொல்தான் வேர். விகிதத்தைக் குறிக்கும் 'ரேஷியோ'வும் அதிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, படைவீரனுக்கு அன்றாடம் அளந்து தரும் உணவை அது குறித்தது. பாசறையில் இருந்த சொல்லை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தவை இரண்டு உலகப் போர்கள்.

பிரிட்டனுக்கு உணவின் பெரும்பகுதி கப்பலில் வந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைக் குறிவைத்தன. 1940 ஜனவரி 8 அன்று வெண்ணெய், சர்க்கரை, உப்பிட்ட பன்றி இறைச்சி ஆகிய மூன்றும் பங்கீட்டுக்குள் வந்தன. தொடக்கத்தில் வாரத்துக்கு ஒருவருக்கு வெண்ணெய் 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். அதே ஆண்டு தேயிலையும் சேர்ந்தது, வாரத்துக்கு 2 அவுன்ஸ். 1941 ஜூன் முதல் துணிக்கும் கூப்பன். முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன், அதில் ஆண்களின் முழு சூட் ஒன்றுக்கே 26 போய்விடும்! குடும்பங்கள் தங்களுக்கென ஒரு கடையில் பதிந்துகொள்ள வேண்டும். போர் முடிந்தும் இது ஓயவில்லை. போர்க்காலத்தில் தடையின்றிக் கிடைத்த ரொட்டிக்கு 1946இல்தான் பங்கீடு வந்தது. கடைசியாக இறைச்சிக்கு விலக்கு கிடைத்தது 1954 ஜூலையில்.

இந்தியாவில் கதை வேறு. 1942இல் பர்மா ஜப்பானிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. 1943இல் வங்கத்தில் சுமார் 30 லட்சம் பேர் பஞ்சத்திலும் அதையொட்டிய நோய்களிலும் மாண்டார்கள். கல்கத்தாவில் முழுமையான பங்கீடு தொடங்கியது 1944 ஜனவரியில். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்தக் கணக்கும் நகரத்துக்கான கணக்கு. செத்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். கணக்கில் யார் சேர்கிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தச் சொல்லை விளக்கவே முடியாது என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் அந்தக் காலத்தவர் வாயில் 'கண்ட்ரோல்' என்ற சொல்லும் புழங்கியது. 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது போனது அந்தக் கண்ட்ரோல்தான். இலங்கையில் ஒட்டிக்கொண்டது 'கூப்பன்', கூப்பன் கடை, கூப்பன் அரிசி என்று. வெட்டு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. சீட்டிலிருந்து வெட்டி எடுக்கும் துண்டு என்பதால் அப்பெயர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பங்கீடு. 'பங்கிடு' என்ற வினையில் 'இடு' நீண்டு 'ஈடு' ஆனது, கெடு கேடானதைப் போல. பகிர்வு அதில் நன்றாக வருகிறது, ஆனால் அளவின் கறார் சற்றுக் குறைகிறது. அளவை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'அளவுப் பங்கீடு' எனலாம். இன்னும் நெருக்கமான பழஞ்சொல் ஒன்று உண்டு: படி. அளக்கும் கருவிக்கும் அது பெயர், அன்றாடம் அளந்து கொடுப்பதற்கும் அதுவே பெயர். 'படியளப்பவன்' என்று இன்றும் சொல்கிறோமே! ஆனால் பயணப்படி, பஞ்சப்படி என்று சம்பளப் பக்கம் போய்விட்டதால் இனி அதைத் திருப்பி அழைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆகவே போர்க்காலத்தைப் பற்றி எழுதும்போது பங்கீடு, பங்கீட்டு அட்டை, பங்கீட்டு முறை என்பவையே பொருந்தும். நியாய விலைக் கடை என்பது இன்றைய கடைக்குச் சரியான பெயர். அதை 1940இன் லண்டன் கடைக்கு வைத்தால் பொருள் மாறிவிடும். அங்கே காசு கையில் இருந்தாலும் கூப்பன் இல்லாமல் வெண்ணெய் கிடையாது.