காலையில் விரல் மடங்காதது சோம்பல் இல்லை

"காலையில பட்டன் போட முடியலைங்கறா, சாயங்காலம் பார்த்தா சாதாரணமா நடமாடுறா. எதை டாக்டர் நம்பறது?" முடக்குவாதம், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் இருக்கும் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே ஒருவர் கேட்டது. மாமியார், அண்ணன், மேலதிகாரி என்று ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை.

இரண்டையும் நம்புங்கள். வயதாகித் தேய்ந்த முழங்கால் நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். எல்லோருக்கும் தெரிந்த மூட்டுவலி அது ஒன்றுதான் என்பதால் இதையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். முடக்குவாதம் அதற்கு நேர் எதிர். ஓய்வில்தான் இறுகும், இரவெல்லாம் அசையாமல் கிடந்த விரல்கள் விடியும்போது மடங்காது, குழாயைத் திருகவோ பிரஷைப் பிடிக்கவோ ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அசைய அசையத்தான் இளகும். சாயங்காலம் நடமாடுவதால் காலை வலி பொய்யாகிவிடாது, அது இந்த நோயின் குணமே. காலை இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. அதைத்தான் வீட்டில் நடிப்பு என்கிறார்கள்!

அப்புறம், தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. அதுவும் நோய்தான்.

நம்பாத வீட்டில் நோயாளி சொல்வதையே நிறுத்திவிடுகிறார். வலி மாத்திரையை ரகசியமாகப் போட்டுக்கொண்டு வேலையை இழுக்கிறார். வலி குறையும், ஆனால் மூட்டு அரிபடுவது நிற்காது. கோணிப்போன விரலை எந்த மாத்திரையாலும் பழையபடி நிமிர்த்த முடியாது.

நோயையே அடக்க நாங்கள் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வேலை காட்ட 6 முதல் 12 வாரம் ஆகும், பத்து நாளில் கேட்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். இந்த நோய்க்கு அது வாரத்துக்கு 1 நாள் மட்டும்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, கிழமையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரிடம் வாருங்கள். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்தை மாற்ற வேண்டும். சிகரெட்டை விடுங்கள், அது இந்த நோயையே முற்றவைக்கும்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கைக்கு வேலை வைக்கும் எதையும் அவர் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் கேட்காதீர்கள். வேலைக்குப் போகிறவரென்றால் கொஞ்சம் தாமதமாக வர அனுமதி கேட்கச் சொல்லுங்கள். கடிதம் தேவைப்பட்டால் உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள், எழுதித் தருவோம்.