'பொம்பளப் பிள்ளதானே' என்று கணக்கை விட்டுவிடாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில், கணக்கில் தடுமாறும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தருவது என் வேலை. மகளை அழைத்து வருபவர்கள் பலர் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்: "பொம்பளப் பிள்ளதானே டீச்சர். எனக்கும் கணக்கு வராது, இவளுக்கும் வரல." போன வாரமும் ஒரு தாய் இதையே சொன்னார். பிள்ளை பக்கத்தில்தான் நின்றாள். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். முதலாம் ஆண்டிலேயே வந்திருக்க வேண்டியவள். அவளுடைய அண்ணன் தடுமாறியபோது உடனே டியூஷன், அபாகஸ் என்று ஓடியிருக்கிறார்கள். இவளுக்கு மட்டும் "போகப் போகச் சரியாயிடும்".

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

நெதர்லாந்தில் 1,300க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் எண்ணுவது, எண்களை ஒப்பிடுவது, வரிசைப்படுத்துவது, கூட்டல் கழித்தல் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் பையன், பெண் என்ற வேறுபாடே இல்லை. அமெரிக்காவில் 70 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களின் தேர்வு முடிவுகளை 2008இல் அலசினார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை இரு பாலாரும் சமம். "மூளையே வேற மாதிரி" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. 3 முதல் 10 வயதுள்ள பிள்ளைகள் கணக்குப் பாட வீடியோ பார்க்கும்போது மூளையை ஸ்கேன் செய்து 2019இல் வெளியிட்டார்கள். அதிலும் வித்தியாசம் தென்படவில்லை. நம் நாட்டுக் கதையோ இன்னும் நேரெதிர். 15 வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் நடக்கும் பீசா (PISA) தேர்வில், 2022இல், கணிதத்தில் மலேசியப் பெண் பிள்ளைகள்தான் பையன்களை முந்தினார்கள்.

நெதர்லாந்து ஆய்வில் பையன்கள் தெளிவாக முன்னால் நின்ற ஒரு இடம் உண்டு. ஒரு கோட்டின் இரு முனையில் 0, 100 என்று எழுதி, 37 எங்கே வரும் என்று குறிக்கச் சொல்வது. அதுவும் பயிற்சியில் கூடும். ஒன்று முதல் பத்து வரை நேர்கோட்டில் எண் எழுதிய பலகையில், பாலர்பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கால் மணி நேர விளையாட்டாக நான்கு தடவை விளையாடவிட்டதற்கே நல்ல முன்னேற்றம் தெரிந்திருக்கிறது.

சரி, அந்தப் பிள்ளைக்கு வருவோம். 52இல் 17 போனால் எவ்வளவு என்று கேட்டேன். 45 என்று எழுதினாள். ஐந்தில் ஒன்று போக நான்கு, ஏழில் இரண்டு போக ஐந்து. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டாள். "பாத்தீங்களா டீச்சர்?" என்றார் அம்மா. தாளை ஒதுக்கிவிட்டு ஐந்து பத்து வெள்ளி நோட்டும் இரண்டு ஒரு வெள்ளி நோட்டும் அவள் கையில் கொடுத்தேன். "நான் கடைக்காரி. எனக்கு 17 வெள்ளி கொடு." நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு பத்து வெள்ளிய சில்லறையா மாத்தித் தருவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். கடன் வாங்கிக் கழிப்பது என்றால் இதுதானே! 17ஐ எண்ணி நீட்டிவிட்டு, மீதி 35 என்று அவளே சொன்னாள். அவளுக்குக் கணக்கு வரும். தாளில் எழுதும் முறைதான் புரியாமல் மனப்பாடமாகிக் கிடக்கிறது.

இன்னொன்று, விரல். சின்ன வகுப்புகளில் பெண் பிள்ளைகள் விரல் விட்டு, கோடு போட்டு நிதானமாகச் செய்வது அதிகம். பையன்கள் மனத்தில் தோன்றியதைச் சட்டென்று சொல்வது அதிகம். வேகத்தைப் பார்த்து அவன் கெட்டிக்காரன், இவள் மந்தம் என்று முடிவுகட்டாதீர்கள். விரலைத் தட்டிவிடாதீர்கள். அடிப்படை பிடிபடும்வரை கடிகாரத்தை வைத்து வாய்பாடு கேட்காதீர்கள்.

கணிதக் கற்றல் குறைபாடு உண்மையிலேயே இருக்கும் பிள்ளைகளிலும் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதி. ஆனால் பையன் வகுப்பில் ஆட்டம் போடுவான், ஆசிரியர் கண்ணில் பட்டுவிடுவான். இவள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். சக ஆசிரியைகளே, இந்தச் சத்தமில்லாத பிள்ளைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். "எனக்கும் கணக்குன்னா பயம்" என்று வகுப்பில் சொல்லவே வேண்டாம். ஆசிரியையின் கணக்குப் பயம் ஒரே ஆண்டில் மாணவிகளின் கணக்கைப் பாதித்ததை 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பையன்களிடம் அந்தப் பாதிப்பு தெரியவில்லை.

அம்மாக்களுக்கும் அதேதான். பிள்ளை காதுபட அந்த வாக்கியம் இனி வேண்டாம், தயவுசெய்து. கடைக்குப் போனால் மீதி எவ்வளவு என்று மகளிடமும் கேளுங்கள்.

முதலாம் ஆண்டு முடிந்தும் 8 பெரிதா 6 பெரிதா என்று சட்டெனச் சொல்லத் தெரியவில்லையா? 5உடன் 2 கூட்ட ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்தே தொடங்குகிறாளா? இன்னொரு டியூஷனில் சேர்ப்பதற்கு முன் பள்ளியில் குறைநீக்கல் ஆசிரியரை, அதாவது பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தரும் ஆசிரியரை, போய்ப் பாருங்கள். அப்புறமும் சந்தேகம் இருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். மகனாக இருந்தால் எந்த மாதத்தில் போயிருப்பீர்களோ, மகளுக்கும் அந்த மாதத்திலேயே போங்கள்.